பொன்வண்டின் முதுகில் விழுந்த வெள்ளைப் புள்ளி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்கிறேன். பூச்சிகளையும் பூக்களையும் மிக அருகிலிருந்து படமெடுக்கும் ஆசை வந்தபோது, என்னிடம் இருந்தவை ஒரு பழைய நிக்கான் கேமராவும் அதனுடன் வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸும்தான். அதற்கென்றே உள்ள மேக்ரோ லென்ஸின் விலை எனக்குக் கட்டுப்படியாகவில்லை. இருக்கும் லென்ஸையே தலைகீழாக மாட்டினால் உருவம் பெரிதாகத் தெரியும் என்பதால், அப்படி மாட்டுவதற்கான 52 மி.மீ. வளையம் ஒன்றைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன்.

திருப்பி மாட்டியவுடன் இரண்டு தொல்லைகள் வந்து சேர்ந்தன. ஆட்டோஃபோகஸ் அறவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துத்தான் கூர்மையைப் பிடிக்க வேண்டும். அடுத்தது, லென்ஸின் பின்பக்கம் உள்ள சிறு நெம்புகோலைக் கேமரா வழக்கம்போலப் பிடித்துக்கொள்ள முடியாததால், ஒளி நுழையும் துளை மிகச் சிறிதாகச் சுருங்கி, வியூஃபைண்டர் இருண்டுவிடுகிறது. பேருந்துச் சீட்டு ஒன்றை மடித்து அந்த நெம்புகோலின் இடுக்கில் செருகினேன். சீட்டை எத்தனை மடிப்பாக மடிக்கிறோமோ அதற்கேற்பத் துளை திறக்கும். முழுவதும் திறந்தால் எறும்பின் ஒரு கண் மட்டும் தெளிவாக இருக்கும்; மிகச் சிறிதாக விட்டால், சிறு துளையில் ஒளி விரிந்து பரவும் விளிம்பு விளைவால் படம் மொத்தமும் மழுங்கிவிடும். மூன்று மடிப்பு எனக்குச் சரியாக அமைந்தது. லென்ஸை 18-இல் வைத்தால் உருவம் மிகப் பெரிதாகத் தெரியும் என்றாலும், லென்ஸ் பூச்சியை ஒட்டி நின்று அதன் மேல் வெளிச்சம் விழ வழியிருக்காது என்பதால் 35-ஐத் தாண்டியே வைத்துக்கொள்கிறேன்.

உருவத்தைப் பெரிதாக்குவதுதான் கடினம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு பொன்வண்டு. மழைக்குப் பிந்தைய ஒரு ஞாயிற்றுக்கிழமை, குரும்பப்பட்டி அருகே மலையடிவாரத்தில், கருவேல இலையைக் கொறித்துக்கொண்டிருந்த அதைக் கேமராவின் சொந்த ஃப்ளாஷிலேயே முப்பது படங்கள் எடுத்தேன். பச்சையும் பொன்னும் கலந்து மின்னும் அந்த நிறம் சாயத்தால் வருவதன்று. ஓட்டின் மெல்லிய அடுக்குகள் ஒளியைத் திருப்பி அனுப்பும் விதத்தால் வருவது. என் படங்களிலோ நிறம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி ஒன்று ஓட்டை விழுந்தாற்போல் இருந்தது. அதோடு, நீண்டிருந்த லென்ஸின் நிழல் கீழ்ப்பாதியை மறைத்திருந்தது.

மறுநாள் பட்டறையில் கொலுசின் பற்றவைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெறும் பல்புக்கு நேரே பிடித்தால் வெள்ளியின் பளபளப்பு கண்ணைக் கூசச் செய்து, விட்டுப்போன இடத்தை மறைத்துவிடும் என்பதால், நாங்கள் பல்புக்கு முன்னால் வெண்ணெய்த்தாள் ஒன்றைத் தொங்கவிடுவது வழக்கம். இத்தனை ஆண்டுகள் அந்தத் தாளின் கீழ் உட்கார்ந்திருந்தவனுக்கு வண்டின் முதுகும் வெள்ளியும் ஒன்றுதான் என்பது தோன்றாமல் போனதே!

அன்றிரவே சிப்ஸ் டப்பா ஒன்றின் அடியை வெட்டி, உட்புறம் அலுமினியத் தாளை ஒட்டி, ஃப்ளாஷின் முன் பொருத்தி, அதன் வாயில் இரண்டு மடிப்பு வெண்ணெய்த்தாளைக் கட்டினேன். வெளிச்சம் லென்ஸின் முனைவரை வந்து, அகலமாகப் பரவி விழுந்தது. ஷட்டர் 1/200 நொடி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. 200, ஃப்ளாஷ் கால் பங்கு: இன்றுவரை இந்த அளவுகளைப் பெரிதாக மாற்றியதில்லை.

இந்த ஏற்பாட்டுக்கு உண்மையான சோதனை ஏற்காட்டில் நேர்ந்தது. கோடையின் முதல் மழை பெய்து ஒரு வாரம் கடந்ததும் காப்பிச் செடிகள் ஒன்றாகப் பூத்துவிடும். மல்லிகை போல மணக்கும் அந்தப் பூக்கள் இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் தாங்குவதில்லை. அதிகாலைப் பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, அனுமதி பெற்று ஒரு தோட்டத்துக்குள் நுழைந்தேன். பூக்களை எடுத்துக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்துகொண்டிருந்த அக்கா ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, அந்தத் தேனீ ரொம்ப நேரமா அசையவே இல்லையே, பாத்தீங்களா?" என்றார். நான் பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தபோது, தேனீயின் கழுத்தை வெள்ளை நிற நண்டுச் சிலந்தி ஒன்று கவ்வியிருந்தது. வலை பின்னாமல் பூவிலேயே பதுங்கியிருந்து, நீண்ட முன்கால்களால் இரையை வளைத்துப் பிடிக்கும் வகை அது. வெள்ளைப் பூவின் மேல் வெள்ளைச் சிலந்தி. பழைய ஃப்ளாஷாக இருந்திருந்தால் சுண்ணாம்புச் சுவரைப் படமெடுத்தது போலிருக்கும். லென்ஸின் நுனிக்கும் சிலந்திக்கும் இடையே நான்கு விரல் இடைவெளிகூட இல்லை. ஃப்ளாஷை இன்னும் ஒரு படி குறைத்து, கிளையைத் தொடாமல், பதினொரு படங்கள் எடுத்தேன். இதற்கிடையில் நெற்றி வியர்வை லென்ஸின் பின்கண்ணாடியில் சொட்டியதில் நான்கு படங்கள் வீணாயின. திருப்பி மாட்டினால் அந்தக் கண்ணாடிதான் வெளியே நிற்கும். அதற்குக் காப்பு எதுவும் இல்லை. பிறகு லென்ஸின் பின்மூடியை வட்டமாக வெட்டி மாட்டிக்கொண்டேன்.

இறங்கும் பேருந்தில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தேனீயின் வயிற்றில் கடுகைவிடச் சிறிய ஈக்கள் இரண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. நண்டுச் சிலந்தி தேனீயைப் பிடித்தால், கசியும் சாற்றை உறிஞ்ச இத்தகைய ஈக்கள் தேடி வரும் என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அந்த அக்காவிடம் காட்டுவதற்காகப் படத்தைப் பிரதியெடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு போனேன். பூக்கள் பழுப்பேறிக் காம்போடு ஒட்டிக்கிடந்தன. அவர் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்துவிட்டு, "இந்த ஈ ரெண்டும் அன்னைக்கு இருந்துச்சா தம்பி?" என்று கேட்டார்.