குமுளி மலையில் பாதியில் நிற்கும் தாத்தா கார் – அவசரம், யாராவது சொல்லுங்கள்

கம்பம்_பேரன்:
தாத்தாவின் காரை வீட்டிலேயே வைத்து ஒருவழியாக ஓடும் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஊருக்குள் நன்றாக ஓடுகிறது. லோயர் கேம்ப் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால் பாதியில் இழுவை குறைந்து, குலுங்கிக் குலுங்கி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் விட்டால் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது. காயில், பிளக் எல்லாம் புதுசு. ஒரு பக்கக் கதவும் சரியாக மூடவில்லை, அது அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மெக்கானிக், பழைய இஞ்சினைத் தூக்கிவிட்டு மாருதி இஞ்சின் போட்டுவிடலாம் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அதில் வண்டிப்பெரியார் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசைப்படுகிறார். என்ன செய்யலாம்?

போடி_மேட்டான்:
என்ன கார் என்றே சொல்லவில்லையே தம்பி. எந்த வருடம்? பெட்ரோலா, டீசலா? ரேடியேட்டர் கொதிக்கிறதா?

பாலக்காட்டான்:
எந்தக் காராக இருந்தாலும் சரி, இது வேப்பர் லாக். சின்ன கியரில் ஏறும்போது காற்றோட்டம் குறைவு. இஞ்சின் சூடு பெட்ரோல் பம்பில் ஏறி, லைனுக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்பால் ஆவியைத் தள்ள முடியாது. ஆறினால் சரியாகிவிடும், நீங்கள் சொல்வதும் அதேதான். நெல்லியாம்பதி ஏறும்போது என் பழைய வண்டியும் இப்படித்தான் நிற்கும். பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, ஒரு பாட்டில் தண்ணீர் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். கதை முடிந்தது.

கம்பம்_பேரன்:
டிரையம்ஃப் ஹெரால்டு, இங்கிலாந்து கார். 1963. துணிக் கூரை. பெட்ரோல்தான். கொதிக்கவில்லை. ஈரத் துணி போட்டுப் பார்த்துவிட்டேன், ஒரு மாற்றமும் இல்லை.

வண்டலூர்_ஹெரால்டு:
1963 என்று சொன்னால் போதுமா? 948 சிசியா, 1147 சிசியா? கார்ப்புரேட்டர் ஒன்றா, இரண்டா? பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பிளஸ் முனையை பாடியில் கொடுப்பது) அப்படியே இருக்கிறதா, இடையில் யாராவது மாற்றிவிட்டார்களா? டைனமோவா, ஆல்டர்னேட்டரா? கேள்வி கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. 948-க்கு சிலிண்டர் விட்டம் 63 மி.மீ., 1147-க்கு 69.3 மி.மீ. நம்மூர் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டாக வந்தது 948. உங்கள் வண்டி 1147 என்றால் அதன் பிஸ்டன் இதில் உட்காராது. இந்த அடிப்படை கூடத் தெரியாமல் காயிலையும் பிளக்கையும் மாற்றிக்கொண்டிருந்தால் பணம்தான் வீண். ஒர்க்‌ஷாப் மேனுவலை வாங்கி முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், பேசலாம்.

போடி_மேட்டான்:
ஐயா, பையன் பிஸ்டனைப் பற்றிக் கேட்கவே இல்லையே. கேட்டதற்குப் பதில் சொல்லலாமே.

கம்பம்_பேரன்:
1147. கார்ப்புரேட்டர் ஒன்று, சோலெக்ஸ். பாசிட்டிவ் எர்த், டைனமோ இரண்டும் அப்படியே இருக்கின்றன. தாத்தா வேலை பார்த்த எஸ்டேட்டின் துரை ஊருக்குக் கிளம்பும்போது அவருக்கே விற்றுவிட்டுப் போன வண்டி. கே.எல்.கே. என்ற பழைய கேரளா நம்பர். பல வருடம் ஷெட்டில் கிடந்தது.

கூடலூர்_வயல்:
பல வருடம் கிடந்த வண்டியில் இன்றைய பெட்ரோலை ஊற்றினால் இதுதான் நடக்கும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்தது இல்லை. பம்பின் டயாஃப்ரம் என்ற சவ்வு கெட்டுவிடும், ஹோஸ் உள்பக்கம் உரிந்து அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். எல்லா ஹோஸையும் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள், பம்புக்கும் புது டயாஃப்ரம் போடுங்கள்.

வண்டலூர்_ஹெரால்டு:
எத்தனாலை விடுங்கள். 2000 பிப்ரவரியிலிருந்து ஈயம் இல்லாத பெட்ரோல்தானே நாடு முழுக்க. இந்த இஞ்சினின் வால்வு சீட், அதாவது வால்வு வந்து உட்காரும் இடம், ஈயத்தை நம்பிச் செய்தது. மலையில் மிதித்து ஏற்றினால் சீட் தேயும், கம்ப்ரஷன் போகும், வண்டி நிற்கும். ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் அடிக்க வேண்டும்.

குமுளி_கியர்:
அண்ணே, வால்வு சீட் தேய்ந்திருந்தால் அரை மணி நேரத்தில் வளர்ந்துவிடுமா? ஆறிய பிறகு நன்றாக எடுக்கிறது என்கிறாரே. ஹெட்டில் கை வைக்கச் சொல்லாதீர்கள்.

தம்பி, நான் குமுளிதான். அந்த ரோட்டில் வாரம் தவறாமல் ஏறி இறங்குகிறேன். எதையும் வாங்காதே, எதையும் மாற்றாதே. வண்டி நின்ற அந்த நிமிடத்தில் கரண்ட் இல்லையா, பெட்ரோல் இல்லையா என்பது மட்டும் தெரிந்தால் போதும். அரை மணி நேரம் காத்திருந்துவிட்டுப் பார்த்தால் இரண்டுமே இருக்கும், ஒன்றும் புரியாது. நின்றவுடனே பார்க்க வேண்டும்.

வண்டி நின்றதும் பின்சக்கரத்துக்குக் கல் வை. ஹெரால்டின் பானட் முன்பக்கமாக முழுசாகக் கவிழும். முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம், அந்த வசதி வேறு எந்த வண்டியிலும் நான் பார்த்ததில்லை. முதலில் கரண்ட். பிளக்குகளுக்குக் கரண்ட்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் நடு ஒயரைப் பிடுங்கி, பிளாஸ்டிக் பிடி உள்ள குறடால் பிடித்து, இஞ்சின் இரும்புக்குக் கால் அங்குலம் தள்ளி வைத்துக்கொள். பக்கத்தில் பெட்ரோல் ஒழுகல் இருக்கக் கூடாது. அம்மாவையோ வேறு யாரையோ சாவியைத் திருகச் சொல். நீல நிறத்தில் சடசடவென்று பாய்ந்தால் காயில், கண்டன்சர், பாயின்ட் எல்லாம் சரி. மஞ்சளாக, சோம்பலாக வந்தாலோ வரவே இல்லை என்றாலோ முதல் சந்தேகம் கண்டன்சர் மேல். காயிலை மாற்றுகிறவர்கள் சின்னச் சாமானான அதை மறந்துவிடுகிறார்கள். சூடானால் படுத்து, ஆறினால் எழுந்துகொள்ளும் புத்தி அதற்கும் உண்டு.

கரண்ட் சரி என்றால் பெட்ரோல். இஞ்சின் பக்கவாட்டில் ஏ.சி. கம்பெனி பெட்ரோல் பம்ப் இருக்கும், கீழே கையால் அடிக்கும் சின்ன நெம்பு. கார்ப்புரேட்டர் பக்கத்து பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, நெம்பை அடித்துப் பார். நெம்பு கனமே இல்லாமல் சும்மா ஆடினால் பம்பைத் தள்ளும் கேம் மேலே நிற்கிறது என்று அர்த்தம். இஞ்சினைக் கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி அடி. பெட்ரோல் பீய்ச்சி வந்தால் கோளாறு கார்ப்புரேட்டரில். வரவில்லை என்றால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டு அடி. அப்போது வந்தால் மூடியில் காற்றுத் துளை அடைப்பு. அப்போதும் வரவில்லை என்றால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் அடைப்பு, இல்லை என்றால் பம்பிலேயே கோளாறு.

இரைச்சல் பாலம் பக்கம் ஒதுங்க இடம் இருக்கும், சோதனையை அங்கே வைத்துக்கொள். வளைவில் நிற்காதே, பஸ்காரர்கள் அகலமாகத் திருப்புவார்கள்.

பாலக்காட்டான்:
எல்லாம் சரி, வேப்பர் லாக்காக இருந்தாலும் பம்பில் பெட்ரோல் வராதே?

குமுளி_கியர்:
வராது. ஆனால் ஈரத் துணிக்கு அடங்கவில்லை என்றாரே. அதனால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

தம்பி, இன்னொன்று. டிக்கிக்குள் டேங்க் மேலேயே ரிசர்வுக்கு ஒரு நெம்பு இருக்கும். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது?

நாகர்கோவில்_பழசு:
மாருதி இஞ்சின் விஷயத்தை யாரும் தொடவில்லையே. தயவுசெய்து வேண்டாம். 2021 ஜூலையில் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்கு விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, இஞ்சினில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், 10 வருடம் செல்லும். உங்கள் 1963 வண்டிக்கு வயது தாராளமாக இருக்கிறது. வேறு இஞ்சினை ஏற்றிவிட்டால் அந்த வாசலே அடைபட்டுவிடும்.

போடி_மேட்டான்:
வின்டேஜ் பதிவு வாங்கினால் தினமும் ஓட்ட முடியாதே. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி விஷயங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம். அம்மாவை ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்குப் போக ஆசைப்படுகிறவருக்கு அது எதற்கு? சாதாரண ஆர்.சி.யை எஃப்.சி. காட்டிப் புதுப்பித்து ஓட்டட்டும். காரைப் பூட்டி வைப்பதற்கா இவ்வளவு பாடுபட்டார்?

நாகர்கோவில்_பழசு:
ஓட்டக் கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பதிவாக இருந்தாலும் இஞ்சினை மாற்றினால் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதுவும் கேரளா நம்பர், தமிழ்நாட்டில் குடியிருப்பு. என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கியாயிற்றா? இல்லை என்றால் மலையில் நிற்பதைவிடச் செக்போஸ்ட்டில் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

வண்டலூர்_ஹெரால்டு:
அது உண்மையிலேயே கன்வெர்ட்டிபிளா, அதாவது துணிக் கூரையோடேயே செய்த வண்டியா என்று யாராவது கேட்டீர்களா? ஹெரால்டு சலூனின் (இரும்புக் கூரை வண்டி) மேற்கூரை போல்ட்டில் நிற்பது. ஒரு மத்தியானத்தில் கழற்றிவிடலாம். அப்படிக் கழற்றி, துணியை மாட்டி, கன்வெர்ட்டிபிள் என்று சொல்லிக்கொள்ளும் வண்டிகள் நிறைய. இஞ்சினுக்குப் பின்னால் உள்ள சுவரில் பதித்த கமிஷன் தகட்டை, அதாவது வண்டியின் தயாரிப்பு எண் உள்ள தகட்டைப் பாருங்கள். ஜி.ஏ. என்று ஆரம்பித்து சி.வி. என்று முடிந்தால் பிறவிக் கன்வெர்ட்டிபிள். இல்லை என்றால் பிறகு திறந்த வண்டி.

கூடலூர்_வயல்:
இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? தாத்தா வைத்திருந்த வண்டி.

வண்டலூர்_ஹெரால்டு:
விலைக்காகச் சொல்லவில்லை. திறந்த வண்டிக்குத் தொழிற்சாலையிலேயே கூடுதல் பலம் கொடுத்திருப்பார்கள். சலூனின் கூரையைக் கழற்றித் திறந்தவர்கள் அதைச் செய்வதில்லை. அவர் கதவு மூடவில்லை என்றார், அதை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு இஞ்சினைவிட அதுதான் பயமாக இருக்கிறது.

மார்த்தாண்டம்_டிங்கர்:
அண்ணன் சொல்வது சரி. மேற்கூரை இல்லாத வண்டியில் நடுவில் தொய்வு விழுந்தால் முதலில் கதவின் மேல் இடைவெளிதான் சுருங்கும். அப்புறம் மூலை போய் உரசும். கீலைத் தளர்த்திச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கீழே படுத்து, சேசிஸின் பக்கக் கிளைகளை ஒரு ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். பட்டி பூசி, கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் பார்வைக்கு இரும்பு மாதிரியே இருக்கும், குத்தினால் உள்ளே போகும். துரு இருந்தால் வெட்டுவதற்கு முன் கதவைக் கழற்றிவிட்டு, கீல் கம்பத்துக்கும் பூட்டுக் கம்பத்துக்கும் நடுவில் குறுக்குக் கம்பி வெல்டு வைத்து நிறுத்துங்கள். வண்டியின் எடை சக்கரம் இருக்கும் இடங்களில் தாங்கியிருக்க வேண்டும். நடுவில் ஜாக்கி வைத்துத் தூக்கிக்கொண்டு ஒட்டினால், அந்த வளைவோடேயே ஒட்டிவிடும். பிறகு எந்தக் கதவும் சேராது. எங்கள் பக்கம் மழை வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலக்காட்டான்:
ஈரத் துணியை ஒருமுறை பம்புக்கு மட்டும் இல்லாமல் பைப்புக்கும் சுற்றிப் பாருங்கள் என்றுதான் நான் இன்னும் சொல்வேன்.

கம்பம்_பேரன்:
நெம்பு ரிசர்வ் பக்கம் இருக்கிறது. தாத்தா எப்போதும் அப்படித்தான் வைத்திருப்பார் என்று அம்மா சொன்னார். தகட்டை இன்னும் பார்க்கவில்லை.

குமுளி_கியர்:
அப்படிப் போடு. ரிசர்வில் வைத்தால் குழாயின் வாய் டேங்கின் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். பல வருடம் கிடந்த டேங்கில் அடியில் என்ன இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சமதரையில் ஓடும்போது பெட்ரோல் இழுவை குறைவு, துருத் தூள் அடியிலேயே கிடக்கும். மலையில் பெட்ரோல் இழுவை கூடும், வண்டியும் சாய்ந்திருக்கும். தூள் குழாய் வாயில் போய் அடைக்கும். வண்டி நின்றதும் இழுவை போய்விடும், தூள் மெல்லக் கீழே உதிரும். உன் அரை மணி நேரம் அதுதான் என்று நினைக்கிறேன். ஆனாலும் நான் நினைப்பதை நம்பாதே, சோதனை செய்து பார்.

கம்பம்_பேரன்:
இன்று காலை ஏறினேன். இரைச்சல் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. கரண்ட் நீலமாக வந்தது. பம்பை அடித்தேன், பெட்ரோல் இல்லை. மூடியைத் திறந்தேன், அப்போதும் இல்லை. பம்பு பக்கத்துப் பைப்பைக் கழற்றி, கால் பம்பால் டேங்க் பக்கமாகக் காற்று விட்டேன். டேங்குக்குள் குமிழி விட்டது. திரும்ப மாட்டி அடித்ததும் வந்துவிட்டது, காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. பம்பின் கண்ணாடி மூடிக்குள் காப்பித் தூள் மாதிரி பழுப்பாகப் படிந்திருக்கிறது, வலையில் பாதி தெரியவில்லை. டேங்கை இறக்கப் போகிறேன். எல்லோருக்கும் நன்றி. குமுளி அண்ணனுக்கு ரொம்ப நன்றி.

போடி_மேட்டான்:
அருமை தம்பி. அம்மாவுக்கு மலையில் காற்று அதிகமாக இருக்கும், கூரையைப் போட்டே போங்கள்.

கூடலூர்_வயல்:
எத்தனால் தண்ணீரை இழுத்து டேங்கைத் துருப்பிடிக்க வைத்திருக்கும், அதுவும் ஒரு காரணம்தான்.

மார்த்தாண்டம்_டிங்கர்:
தம்பி, டேங்கை இறக்கினால் ஒரே ஒரு விஷயம். காலி டேங்க் என்று நினைத்து வெல்டிங் கடைக்கோ கேஸ் பற்ற வைக்கும் இடத்துக்கோ கொண்டுபோய்விடாதே. பெட்ரோல் நிறைந்த டேங்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்க்தான் வெடிக்கும். உள்ளே சின்னச் சங்கிலித் துண்டும் தண்ணீரும் போட்டு உருட்டி எடு, வெயிலில் நன்றாகக் காயவை. சேசிஸில் ஒட்டுவேலை இருந்தால் டேங்கை வேறு வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டு ஆரம்பி. கதவு இடைவெளியை மேலேயும் கீழேயும் அளந்து போடு, நான் பார்த்துச் சொல்கிறேன்.

குமுளி_கியர்:
டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டுக்கொள். கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக் கூட்டத்துக்காக ரோட்டை ஒருவழி ஆக்கிவிடுவார்கள், ஏறுவதற்குக் கம்பம்மெட்டு வழியாக விடுவார்கள். அதற்குள் போய்விட்டு வந்துவிடு.

வண்டலூர்_ஹெரால்டு:
தகட்டில் சி.வி. இருக்கிறதா, இல்லையா? தம்பி?