வறட்சில குருவி அலகு பெருசாச்சுன்னா எந்தக் குருவிக்கு பெருசாச்சு?

தும்பைப்பூ:
பொண்ணு பன்னெண்டாவது படிக்கிறா, நேத்து ஒரு சந்தேகம் கேட்டா, எனக்கு பதில் சொல்லத் தெரியல. பசிபிக் கடல்ல இருக்கற கலாபகோஸ் தீவுல 1977ல வறட்சி வந்து அங்க இருக்கற ஃபிஞ்ச் குருவிங்களுக்கு அலகு பெருசாயிடுச்சாம். ஒரு வருஷத்துல எப்படிங்க? கெட்டி விதைய கடிச்சு கடிச்சு வளந்துடுச்சா, ஜிம்முக்கு போனா கை பெருக்கற மாதிரி? அப்படியே வளந்தாலும் அது குஞ்சுக்கு எப்படி போகும்?

கரிச்சான்:
எந்தக் குருவிக்கும் அலகு வளரலங்க, இத மொதல்ல பொண்ணுகிட்ட சொல்லிடுங்க. அந்தத் தீவு டாஃப்னி மேஜர், சின்ன எரிமலைத் தீவு, பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட்னு ஒரு தம்பதி 1973ல இருந்து அங்க குருவிய புடிச்சு அலகு அளந்து கால்ல வளையம் மாட்டி விட்டுட்டு இருந்தாங்க, அதனாலதான் எது செத்துச்சு எது பொழச்சுதுன்னு அவங்களால சொல்ல முடிஞ்சுது. வறட்சிக்கு முன்னாடியே சிலதுக்கு அலகு பருமன், சிலதுக்கு மெலிசு. 1976 மழைக்காலத்துல 127 மில்லிமீட்டர் பேஞ்ச எடத்துல 1977ல வெறும் 24. சின்ன விதையெல்லாம் தின்னு தீந்துடுச்சு, மிச்சம் பெரிய கெட்டி விதைதான், முக்கியமா நெருஞ்சி. ஆமாங்க, நம்ம ஊர் நெருஞ்சிமுள்ளுக்கு சொந்தக்காரச் செடிதான், வெறுங்கால்ல குத்து வாங்கினவங்களுக்கு அது எவ்ளோ கெட்டின்னு தெரியும். மெலிசு அலகு அத ஒடைக்க முடியாம திணறிச்சு. 100க்கு 85 குருவி போயிடுச்சு. பொழச்சதுங்களோட சராசரி அலகுப் பருமன் முன்ன இருந்தத விட அரை மில்லிமீட்டர் கூட, அவ்ளோதான், ஆனா அந்த அரை மில்லிமீட்டர்லதான் உசிரு நின்னுச்சு. அலகு அளவு பெரும்பாலும் அப்பா அம்மாகிட்ட இருந்து வர்றது, அதனால 1978ல பொரிஞ்ச குஞ்சுங்களுக்கும் சராசரியா பருமனான அலகு.

தும்பைப்பூ:
ஓ, அப்போ குருவி மாறல, கூட்டத்துல யாரு மிச்சம்ங்கறதுதான் மாறியிருக்கு. ரொம்ப நன்றிங்க. இப்படியே போனா அலகு பெருசாயிட்டே போகுமா?

களிமண்:
போகலங்க, எனக்கு இதுல ரொம்ப புடிச்ச எடமே இதுதான். 1983ல எல் நினோ, அதாவது பசிபிக் கடல் தண்ணி வழக்கத்த விட சூடாகறது, வந்து மழை கொட்டித் தீத்துடுச்சு, கொடியெல்லாம் படந்து நெருஞ்சிச் செடிய மூடிடுச்சு, சின்ன விதை ஏராளம். அடுத்த ரெண்டு வருஷத்துல சின்ன அலகுதான் நல்லா தாக்குப்புடிச்சுது. அதுக்கப்புறம் 2004 வாக்குல மறுபடியும் வறட்சி. 1977 மாதிரியே பருமன் அலகு பொழைக்கும்னுதானே நெனைப்போம்? ஆனா இடையில 1982ல இருந்து பெரிய தரை ஃபிஞ்ச்னு இன்னொரு இனம் அங்கயே குஞ்சு பொரிச்சு பெருகியிருந்துச்சு, அதுக்கு அலகும் பெருசு, நெருஞ்சிய அதுவே காலி பண்ணிடுச்சு. பருமன் அலகுக்காரங்க அதுகிட்ட போட்டி போட முடியாம பட்டினி கெடந்து செத்துதுங்க, சராசரி அலகு சின்னதாயிடுச்சு. அதே தீவு, அதே குருவி, ரெண்டு தடவையும் வறட்சிதான். பந்தில இலைல என்ன விழுதுன்னு மட்டும் பாத்தா பத்தாது, பக்கத்து இலைல யாரு உக்காந்திருக்காங்கன்னும் பாக்கணும்னு பொண்ணுகிட்ட சொல்லுங்க, இந்த ரெண்டு வறட்சியயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு காட்டினீங்கன்னா அவளே பிடிச்சுக்குவா.