அவசரம்: சப்பாத் ரிஃப் ரெக்கார்டோடு ஒட்டவே இல்லை

ஈயவிரல்:
யாராவது உதவுங்கள். பிளாக் சப்பாத் என்கிற மெட்டல் பேண்டின் கிடார் ரிஃப் (திரும்பத் திரும்ப வருகிற சின்ன மெட்டு) ஒன்றை இரண்டு வாரமாக வாசிக்கிறேன். தனியாக வாசித்தால் சரியாக இருக்கிறது. ரெக்கார்டைப் போட்டுச் சேர்ந்து வாசித்தால் ஒன்றும் ஒட்டவில்லை. ட்யூனரில் ஆறு கம்பிக்கும் பச்சை, அதாவது சுருதி சரி. டோனும் கொசு கத்துகிற மாதிரி வருகிறது. ஆம்ப்பை மாற்ற வேண்டுமா? சனிக்கிழமை நண்பர்களோடு வாசிக்கணும்.

மூணாம்ஃப்ரெட்:
எந்தப் பாட்டு? என்ன கிடார், என்ன ஆம்ப், கம்பி என்ன கேஜ் (தடிமன்)?

கெயின்குறை:
எந்தப் பாட்டாக இருந்தாலும் முதலில் ஆம்ப்பில் கெயினை, அதாவது சத்தத்தைக் கரகரப்பாக்குகிற குமிழை, பாதியாக்குங்கள். அந்தக் காலத்து ரெக்கார்டுகளில் நாம் நினைக்கிற அளவு டிஸ்டார்ஷன் (கரகரப்பு) கிடையாது. சப்பாத்தின் கிடார்காரர் டோனி ஐயோமி லேனி ஆம்ப்புக்கு முன்னால் ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர் (உயர்ந்த ஒலியைத் தூக்குகிற பெட்டி) ஒன்றைத்தான் வைத்திருந்தார். சத்தத்தின் எடை மிட்டில், அதாவது நடு ஒலிகளில், இருக்கிறது. மிட்டை வெட்டிவிட்டு கெயினை ஏற்றினால் கொசுதான் வரும்.

பழைய_வால்வு:
"சப்பாத் ரிஃப் ஒன்று." டாக்டரிடம் போய் "உடம்பில் ஓர் இடம் வலிக்கிறது" என்று சொல்கிற கதை. தேடிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. சரி, கேளுங்கள். 1970இல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் சாதாரண ஈ ட்யூனிங். 1971இல் வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டியில் பல பாட்டுகளுக்கு மூன்று அரைச்சுரம் கீழே இறக்கிவிட்டார்கள். சாதாரண ட்யூனிங்குக்குத்தான் உங்கள் ட்யூனர் பச்சை காட்டுகிறது.

ஈயவிரல்:
சில்ட்ரன் ஆஃப் த கிரேவ். சொல்லவில்லையா, ஸாரி.

மூணாம்ஃப்ரெட்:
மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி பாட்டு. அப்படியானால் மூன்று அரைச்சுரம் இறக்குவதுதான். தடித்த கம்பியிலிருந்து சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, ஈ, ஜி ஷார்ப், சி ஷார்ப். விரல் வைக்கிற இடம் எதுவும் மாறாது. கிடாரும் கேஜும் இன்னும் சொல்லவில்லை நீங்கள்.

ஈயவிரல்:
இறக்கினேன். இப்போது இன்னும் மோசம். ஒரு கம்பியை இறக்கினால் ஏற்கெனவே சரிசெய்த கம்பி மாறிவிடுகிறது. ஒரு மணி நேரமாகச் சுற்றிச் சுற்றி வருகிறேன். கம்பியெல்லாம் கிடார் கழுத்திலுள்ள ஃப்ரெட் பட்டைகளில் பட்டு ஜிர்ர் என்கிறது. கேஜ் 9.

இரும்புக்காது:
9ஐ வைத்துக்கொண்டு சி ஷார்ப்பா? துணி காயப்போடுகிற கொடி மாதிரித் தொங்கும். 11 போடுங்கள்.

பழைய_வால்வு:
ஐயோமியே 8 கேஜ் போட்டு வாசித்தவர். பர்மிங்காமில் தகடு வெட்டுகிற தொழிற்சாலையில், வேலையின் கடைசி நாளில், 17 வயதில் வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. அவர் இடக்கைக்காரர், ஃப்ரெட்டை அழுத்துவது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டினார். கனமான கம்பியை வளைக்க முடியாது, அதனால்தான் மெல்லிய கம்பி.

இரும்புக்காது:
கதை எல்லாருக்கும் தெரியும் சார். அவருக்கு விரல் நுனி இல்லை, இவருக்கு இருக்கிறதே. பிறகு ஏன் 8, 9 என்று கஷ்டப்பட வேண்டும்?

பழைய_வால்வு:
ட்யூனிங்கை இறக்கியதும் அந்த விரலுக்காகத்தான். டோனுக்காக என்று நினைத்துக்கொண்டு கயிறு மாதிரிக் கம்பி போடுகிறவர்களைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது.

இரும்புக்காது:
விரலுக்காக மட்டும் என்றால் முதல் ஆல்பத்திலேயே இறக்கியிருக்கலாமே? விபத்து அதற்கெல்லாம் முன்னால் நடந்தது. கனமான சத்தமும் வேண்டும் என்றுதான் இறக்கியிருப்பார்கள்.

கெயின்குறை:
இரண்டு காரணமும் இருக்கலாம். கெயினைக் குறைத்தாரா என்று யாராவது கேளுங்கள்.

மூணாம்ஃப்ரெட்:
ஐயா, சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, ஒரே ஒரு கேள்வி: பிரிட்ஜில் (கிடார் உடலில் கம்பிகள் மாட்டியிருக்கிற இடம்) ஆட்டுகிற கைப்பிடி, அதாவது வாமி பார், இருக்கிறதா? பிரிட்ஜ் உடலோடு ஒட்டி நிற்கிறதா, மிதக்கிறதா?

ஈயவிரல்:
இருக்கிறது. மிதக்கிற மாதிரிதான். அது முக்கியமா?

மூணாம்ஃப்ரெட்:
அதுதான் விஷயமே. மிதக்கிற பிரிட்ஜில் முன்னால் ஆறு கம்பி இழுக்கிறது, பின்னால் ஸ்பிரிங் இழுக்கிறது. இரண்டும் சமமாக இருந்தால்தான் நேராக நிற்கும். நீங்கள் கம்பியைத் தளர்த்தியதும் ஸ்பிரிங் ஜெயித்துவிட்டது. பிரிட்ஜின் பின்பக்கம் உடலுக்குள் அமுங்கி, கம்பி தாழ்ந்து ஃப்ரெட்டில் படுகிறது. ஒரு கம்பியை இறக்கும்போது பிரிட்ஜ் நகர்வதால் மற்ற கம்பிகள் ஏறிவிடுகின்றன. நட்டில் (கழுத்தின் மேல் முனையில் கம்பி உட்காருகிற இடம்) பூட்டு இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். பின்பக்க மூடியைத் திறந்தால் ஸ்பிரிங் மாட்டியிருக்கிற தகட்டில் இரண்டு ஸ்க்ரூ தெரியும். இரண்டையும் கால் சுற்று தளர்த்துங்கள், திரும்ப ட்யூன் பண்ணுங்கள், பிரிட்ஜ் நேராக வருகிற வரை இதையே மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பொறுமை வேண்டும். 11 கேஜ் போட்டால் கம்பி இறுக்கம் கூடும், ஸ்பிரிங்கை அவ்வளவு தளர்த்த வேண்டியிருக்காது. அந்த வகையில் இரும்புக்காது சொன்னதும் சரி.

இரும்புக்காது:
நன்றி. ஒருவராவது ஒத்துக்கொண்டீர்கள்.

பழைய_வால்வு:
மிதக்கிற பிரிட்ஜ் என்று முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நான் இரண்டே வரியில் சொல்லியிருப்பேன்.

ஈயவிரல்:
பிரிட்ஜ் நேராக நின்றுவிட்டது. ரெக்கார்டோடு ஒட்டுகிறது. 10 கேஜ்தான் கிடைத்தது, நாளைக்குப் போடுகிறேன். நன்றி அண்ணா.

கெயின்குறை:
கொசு போச்சா? கெயின் எவ்வளவில் வைத்தீர்கள்?

கெயின்குறை:
ஹலோ?