நூறு மைல் காட்டுக்கு முன்னால்: எத்தனை நாள் உணவு வேண்டும்?

கேள்வி:
அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதையில் ஜார்ஜியாவிலிருந்து 3,300 கி.மீ.க்கு மேல் நடந்து, மெய்ன் மாநிலத்தின் மான்சன் ஊரை அடைந்திருக்கிறேன். இது செப்டம்பர் இறுதி. முழங்கால் வலிக்கிறது; ஆயினும் அதைவிட, பயணம் முடியப்போகிறதே என்ற எண்ணமே என்னை அதிகம் வாட்டுகிறது. அடுத்து வருவது, இடையில் ஊரே இல்லாத ‘நூறு மைல் காடு’. அதற்கு எத்தனை நாள் உணவு சுமக்க வேண்டும்?

பதில் 1:
காட்டின் வாயிலில் உள்ள அறிவிப்புப் பலகை பத்து நாள் உணவு வேண்டும் என்கிறது; முழங்கால் வலியோடு நடக்கும் நீங்கள் அதைக் குறைக்க வேண்டாம். ஒயிட் கேப் மலை வரை ஏற்றஇறக்கம் கடுமை. அதன்பின் பாதை பெரும்பாலும் சமதளம். பாலமில்லாத ஓடைகளைக் கடக்கும்போது பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிடுங்கள், ஏனெனில் கால் வழுக்கினால் பையை உடனே உதற முடிய வேண்டும். மழைக்குப் பின் நீர் வடியும்வரை காத்திருப்பதே நல்லது.

பதில் 2:
காட்டைத் தாண்டியதும் வரும் பாக்ஸ்டர் பூங்காவில் நெடும்பயணிகளுக்குத் தனி அனுமதிச் சீட்டு தேவை. அக்டோபர் 15க்குப் பின் அங்கே தங்க இயலாது. வானிலை மோசமானால் நெடும்பாதை முடிவடையும், 1,606 மீட்டர் உயரமுள்ள கட்டாடின் சிகரத்துக்கான பாதையையும் மூடிவிடுவார்கள். எனவே சில நாள்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். வருத்தம் எனக்கும் இருந்தது; ஒயிட் கேப்பிலிருந்து கட்டாடினைக் கண்டபோது நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பத்து நாள் உணவோடு நாளை மறுநாள் புறப்படுகிறேன்.