உப்புக் காற்றுக்குத் தாங்கும் பின் மட்கார்டு, நம்பர் பிளேட் ஸ்டாண்டு: செய்து மாட்டியவர்கள் அனுபவம்

மண்டபத்தான்:

வண்டி 100 சிசி, 2008 மாடல். பின்னால் ஐஸ் பெட்டி கட்டி மீன் ஏற்றுகிறேன். பெட்டிக்குக் கீழே மட்கார்டு இற்றுப்போய் விரல் உள்ளே போகிறது. நம்பர் பிளேட் ஒரே போல்ட்டில் ஆடிக்கொண்டிருக்கிறது. புதுசு வாங்கினாலும் தகரம் தகரம்தானே, அதே கதிக்குத்தான் வரும். சொந்தமாகச் செய்து மாட்டியவர்கள் இருந்தால் எதில் செய்தீர்கள், எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள்.

பாம்பன் ஃபைபர்:

வத்தை, வள்ளம் என்று படகுகளுக்கு ஃபைபர் ஒட்டுவது, அதாவது கண்ணாடி இழையை ரெசின் என்கிற பிசினில் நனைத்து ஒட்டுவது, என் பிழைப்பு. எதைப் பார்த்தாலும் என் கை ரெசின் டப்பாவைத்தான் தேடும், தகரக்காரர்கள் கோபிக்க வேண்டாம்.

முதலில் பழைய மட்கார்டைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரத்தை உள்பக்கமாக மடித்திருப்பார்கள். டயர் வாரி அடிக்கிற மணல் எல்லாம் அந்த மடிப்பில்தான் போய் அடையும். நகத்தால் கிண்டினால் சித்திரை வெயிலிலும் ஈரமாக வரும், ஏனென்றால் உப்பு கலந்த மணல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மேலே எத்தனை கோட்டு பெயிண்ட் அடித்தாலும் உள்ளேயிருந்து தின்றுகொண்டு வருகிறது. கச்சான் காற்று வீசும் மாதத்தில் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ஒரு தடவை போய்வந்தவர்களுக்கு எவ்வளவு மணல் ஏறும் என்று தெரியும். உங்களுக்கு அதோடு ஐஸ் பெட்டித் தண்ணீர் வேறு. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கே காலமெல்லாம் பெயிண்ட் அடித்துக்கொண்டுதான் இருந்தார்கள், நம் தகரம் எம்மாத்திரம்.

நான் செய்தது இப்படி. பழைய மட்கார்டுதான் அச்சு. ஓட்டைகளைக் களிமண்ணால் அடைத்து, மேலே டேப் ஒட்டினேன். தரைக்குப் போடுகிற மெழுகு பாலிஷை நன்றாகத் தேய்த்துக் காயவிட்டு, திரும்பவும் தேய்த்தேன். இதில் சோம்பல்பட்டால் அச்சை உடைத்துத்தான் ஃபைபரை எடுக்க வேண்டும். அப்புறம் சதுர மீட்டருக்கு 450 கிராம் வருகிற கண்ணாடி இழை மேட், ரெசினில் நனைத்து மூன்று அடுக்கு. ஒரு அடுக்குக்கு ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வரும். பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், குத்துங்கள். குமிழ் வெளியேறி, வெள்ளை மேட் கண்ணாடி மாதிரி ஆகும்வரை குத்த வேண்டும். ஓரத்தில் மேட் உள்பக்கம் மடங்கவே கூடாது, மடங்கினால் அச்சோடு பூட்டிக்கொள்ளும்.

மட்கார்டின் மேல் முகத்தில் போட்டதால் புதுசுக்கு உள்பக்கம் வழவழப்பு, வெளிப்பக்கம் சொரசொரப்பு. பலபேர் இதைத் தலைகீழாகச் செய்வார்கள், பார்க்க அழகாக இருக்கும் என்று. மணல் அடிக்கிற பக்கம் வழவழவென்று இருந்தால் ஒரு குவளைத் தண்ணீரில் கழுவிவிடலாம். வெளிப்பக்கத்துக்குப் பட்டி வைத்துத் தேய்த்துக்கொள்ளலாம், அதற்கும் மேலே பெட்டிதானே உட்காரப் போகிறது.

ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் 1 சதவீதம் போதும். நம் வெயிலில் 2 போட்டால் டப்பாவிலேயே சூடேறிக் கட்டியாகிவிடும். முக்கியமாக, இறுகுவதை வேகப்படுத்தப் போடுகிற கோபால்ட்டையும் கேட்டலிஸ்ட்டையும் நேருக்கு நேர் கலக்கவே கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். கோபால்ட்டை ரெசினில் ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் மற்றது.

போல்ட் வருகிற இடத்தில் இன்னும் இரண்டு அடுக்கு கூடுதலாகப் போட்டு, அகலமான வாஷர் கொடுங்கள். பெட்டியின் பாரம் கேரியரில் நிற்கட்டும், மட்கார்டில் ஒரு கிலோகூட இறங்கக் கூடாது.

உச்சிப்புளி எக்ஸ்எல்:

அண்ணே, ஒன்று விட்டுவிட்டீர்கள். ஃபைபர் போட்டதும் எனக்குப் பின் லைட் எரியவில்லை. பல்பை மாற்றினேன், ஹோல்டரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. பல வண்டிகளில் பின் லைட்டுக்கு எர்த் மட்கார்டுத் தகரம் வழியாகத்தான் போகும். ஃபைபரில் கரண்ட் எப்படிப் போகும்? லைட் போல்ட்டிலிருந்து சேஸிஸுக்குத் தனியாக ஒரு வயர் இழுத்த பிறகுதான் எரிந்தது.

பாம்பன் ஃபைபர்:

சரியாகச் சொன்னீர்கள். சேஸிஸ் பக்கம் பெயிண்டைச் சுரண்டிவிட்டு முறுக்குங்கள், மேலே கிரீஸ் தடவுங்கள்.

கீழக்கரை காக்கா:

எனக்கு ரெசின் வாடை ஆகாது, தலைவலி வந்துவிடும். அலுமினியத்தில்தான் செய்தேன். மட்கார்டுக்கு 2 மி.மீ. தகடு, பிளேட் ஸ்டாண்டுக்கு 3 மி.மீ. ஸ்டாண்டை எல் வடிவத்தில் மடிக்கும்போது வைஸில் கடித்துச் சுத்தியலால் கூராக மடித்தால் மடிப்பிலேயே வெடிப்பு விழும். ஒரு பைப்பின் மேல் வைத்து வளைவாக மடியுங்கள். வெட்டிய மூலைகளை அரத்தால் உருட்டிவிடுங்கள். அதிர்வில் விரிசல் கிளம்புவது அந்தக் கூர் மூலையிலிருந்துதான். அப்படியும் விரிசல் வந்துவிட்டால் அது நிற்கிற நுனியில் 3 மி.மீ. ஓட்டை போட்டால் மேலே ஓடாது.

அலுமினியம் துருப்பிடிக்காது என்று நம்பி நேரே எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட்டை முறுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் பட்டால் இரண்டும் சேருகிற இடத்தில் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். போல்ட் பளபளவென்று நிற்கும், ஓட்டை மட்டும் பெரிதாகிக்கொண்டே போகும். பிளேட் ஆடத் தொடங்குவது அப்படித்தான். நடுவில் நைலான் வாஷர், சேஸிஸ் பக்கம் சைக்கிள் ட்யூப் துண்டு, அதிர்வில் கழலாமல் உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட். மூன்றும் கட்டாயம்.

தொண்டிக்காரன்:

எங்கள் மாமா பையன் தகட்டை அழகாக வளைத்து, டயரை ஒட்டினாற்போல் பிடித்தான். வண்டி நிற்கும்போது அருமை. இரண்டு பேர் ஏறி ஸ்பீட் பிரேக்கரில் இறங்கியதும் டயர் போய்த் தகட்டில் உரசியது. ரப்பர் வாடை. டயரில் ஒரு பட்டை அளவுக்குச் சீவியிருந்தது. பிடிப்பதற்கு முன்னால் ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றி, சக்கரத்தை முழுக்க மேலே தூக்கிப் பாருங்கள். அந்த நிலையிலும் இரண்டு விரல் இடைவெளி வேண்டும். போல்ட்டின் தலை டயர் பக்கம், நட் வெளிப்பக்கம்.

ஏர்வாடி தம்பி:

அண்ணன்மாரே, மட்கார்டே வேண்டாம் என்று எடுத்துவிட்டு, பிளேட்டை சீட்டுக்குக் கீழே சாய்த்து வைத்தால் என்ன? நிறைய வண்டியில் பார்க்கிறேன், கெத்தாக இருக்கிறது.

ராம்நாடு டவுன்:

தம்பி, கெத்து மழை வரும்வரைதான். பின்னால் உட்காருகிறவர் முதுகெல்லாம் சேறு. அது போக, மத்திய மோட்டார் வாகன விதி 123 என்று ஒன்று இருக்கிறது. பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கிற காப்பு வேண்டும், பின்னால் இருப்பவர் சேலையோ தாவணியோ சக்கரத்தில் சிக்காமல் இருக்க. மட்கார்டு செய்கிறவர்கள் சேலைக் கார்டைக் கழற்றிப் போட்டுவிடாதீர்கள்.

2019 ஏப்ரல் 1க்குப் பிறகு வந்த வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு பிளேட். அதன் பூட்டு ஒரு தடவைதான், கழற்றினால் உடைந்துவிடும். ஆகவே பிளேட்டை நேராக ஸ்டாண்டில் பூட்டாமல், 200க்கு 100 மி.மீ. அளவில் ஒரு பின் தகட்டில் பூட்டச் சொல்லுங்கள். அந்தத் தகட்டை ஸ்டாண்டில் போல்ட் போட்டால், பிறகு மட்கார்டு மாற்றும்போது பிளேட்டைத் தொட வேண்டாம். பழைய பிளேட்டாக இருந்தால் பின்பக்கம் எழுத்து 35 மி.மீ., எண் 40 மி.மீ. உயரம். பெட்டி கட்டுகிறவர்கள் இன்னொன்று பாருங்கள்: பெட்டி பிளேட்டையோ சிவப்பு ரிஃப்ளெக்டரையோ மறைக்கக் கூடாது.

மண்டபத்தான்:

எல்லோருக்கும் நன்றி. மட்கார்டு ஃபைபரில், ஸ்டாண்டு அலுமினியத்தில் என்று முடிவு செய்துவிட்டேன். காக்கா, நைலான் வாஷர் இங்கே கடையில் கேட்டால் முழிக்கிறார்கள்.

கீழக்கரை காக்கா:

கடைக்கு எதற்கு? பழைய டீசல் கேன் ஒன்றை வெட்டுங்கள். நல்ல கனமாக இருக்கிற இடமாகப் பாருங்கள். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிட்டு, முதலில் போல்ட் அளவுக்கு ஓட்டை போட்டுவிட்டு அப்புறம் வட்டமாக நறுக்குங்கள். நறுக்கிவிட்டு ஓட்டை போட்டால் கையில் நிற்காது.