2009 சிஆர்-வி ஆட்டோமேட்டிக்: சூடானதும் 2லிருந்து 3க்கு மாறும்போது ஆர்பிஎம் எகிறுது

தண்டையார்பேட்டை_டிரைவ்:
வண்டி ஹோண்டா சிஆர்-வி 2.4, 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 4 வீல் டிரைவ், 1,46,000 கி.மீ. காலைல எடுக்கும்போது எந்தத் தொந்தரவும் இல்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைல கன்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல முக்கால் மணி நேரம் ஊர்ந்து போனதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. 2லிருந்து 3 விழும்போது 2,200ல இருக்கிற ஆர்பிஎம் 3,000 வரை எகிறி, டொக்குனு பிடிக்குது. நின்னு D போட்டா பின்னாலிருந்து உதைச்ச மாதிரி இருக்கு. 60ல லேசா ஆக்சிலரேட்டர் மிதிச்சா நடுக்கம். D லைட் ஒரே ஒரு தடவை மினுக்கிச்சு, செக் இன்ஜின் லைட் வரலை. பார்த்த மெக்கானிக் ஓட்டிக்கூடப் பார்க்காம கியர்பாக்ஸ் இறக்கணும்னுட்டார். அதுக்கு முன்னாடி என்னெல்லாம் பார்க்கணும்?

மேக்னட்_போல்ட்:
இப்போதைக்கு இறக்க விடாதீங்க சார். நீங்க சொன்னது மூணு குறை. மூணும் ஒரே வியாதின்னு முடிவு கட்டினா தப்பான இடத்துல காசு போகும்.

முதல்ல உதை. பானட்டைத் திறந்து வெச்சு, ஒருத்தர் பிரேக்கை அழுத்தி மிதிச்சுக்கிட்டு R, D, R-னு மாத்தட்டும். எதிர்ல யாரும் நிக்கக்கூடாது, பக்கவாட்டுல நின்னு பாருங்க. இன்ஜின் எழும்பி உட்கார்ந்தா, அதைத் தாங்குற மவுன்ட் ரப்பர் கிழிஞ்சிருக்கு. இந்த வயசு வண்டில பாதி உதை அதுதான். ஐடிலிங் ஏறி நின்னாலும் உதைக்கும், இன்ஜினுக்குப் போற காத்தைக் கட்டுப்படுத்துற த்ராட்டில் பாடியைச் சுத்தம் பண்ணிட்டுப் பாருங்க.

அடுத்து நடுக்கம். ஞாயிறு விடியல்ல மாதவரம் 200 அடி சாலை காலியா இருக்கும்போது 60ல பிடிங்க. நடுக்கம் வந்ததும் ஆக்சிலரேட்டரை எடுக்காம, பிரேக் லைட் எரியற அளவுக்கு மட்டும் இடது காலால பெடலைத் தொடுங்க. தொட்டதும் நின்னா டார்க் கன்வெர்ட்டர் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியா இணைக்கிறது) லாக்-அப், அதாவது ரெண்டையும் நேராப் பூட்டுற கிளட்ச், நடுங்குது, ஆயில் மாத்தினாலே சரியாக வாய்ப்பு அதிகம். நிக்கலைன்னா மவுன்ட், டிரைவ் ஷாஃப்ட், இக்னிஷன் மிஸ்ஃபயர்னு வேற பக்கம் தேடணும்.

எகிறுறதுதான் முக்கியமான விஷயம். இந்த கியர்பாக்ஸ் பெட்டில, மத்த ஆட்டோமேட்டிக்ல இருக்கிற பிளானட்டரி கியர் (நடுக்கியரைச் சுத்தி ஓடுற கியர் செட்) கிடையாது. மேனுவல் மாதிரி பக்கத்துப் பக்கத்துல ஷாஃப்ட், ஒவ்வொரு கியருக்கும் தனி கிளட்ச் பேக். 2வது கிளட்ச் விட்டதும் 3வது கிளட்ச்சுல பிரஷர் நிறையணும். நிறைய நேரமானா அந்த இடைவெளில இன்ஜின் சும்மா சுத்தும், அதுதான் நீங்க பார்க்கிற 3,000. ஆயில் சூடாகி இளகினதும் இது வருதுன்னா லெவல் குறைவு, ஆயில் வலுவிழந்தது, பிரஷர் சுவிட்ச், சொலினாய்டு (கரன்ட்டுல ஆயில் வழியைத் திறந்து மூடுற வால்வு), உள்ள சீல் இறுகினது. இந்த வரிசைல பாருங்க. கடைசி ஒண்ணுக்கு மட்டும்தான் பெட்டியை இறக்கணும்.

லெவல் பார்க்கிற முறைல நிறைய பேர் தப்பு பண்றாங்க. ரேடியேட்டர் ஃபேன் ரெண்டு தடவை ஓடி நிக்கற வரைக்கும் இன்ஜினைச் சூடாக்கி, சமதரைல நிறுத்தி, இன்ஜினை ஆஃப் பண்ணி, 60லிருந்து 90 வினாடிக்குள்ள டிப்ஸ்டிக்கை எடுக்கணும். ஓடும்போது பார்க்கிறது வேற கம்பெனி வண்டிக்கு. ஒரு சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பர்ல விடுங்க. சிவப்பா பரவினா நல்லது. நடுவுல கருப்புப் புள்ளி தங்கி, கருகின வாசனை வந்தா கிளட்ச் தேய்ஞ்சிருக்கு.

கூலன்ட்_கண்காணி:
வடசென்னைக்காரங்க இதையும் சேர்த்துப் பாருங்க. கியர் ஆயிலைக் குளிர வைக்கிற கூலர் ரேடியேட்டர் டேங்குக்குள்ளயே இருக்கு. நம்ம பக்கத்து போர் தண்ணி உப்பு. கூலன்ட்டுக்குப் பதிலா அதை ஊத்தி ஓட்டின வண்டில கூலர் அரிச்சு, தண்ணி கியர்பாக்ஸுக்குள்ள போயிடும். டிப்ஸ்டிக்ல ஆயில் ரோஸ்மில்க் நிறத்துல இருந்தா வண்டியை ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. கிளட்ச் தகட்டுல ஒட்டியிருக்கிற லைனிங் தண்ணில ஊறி உரிஞ்சிடும், அதுக்கப்புறம் ஆயில் மாத்திப் பிரயோஜனம் இல்லை.

2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துல வண்டி நின்னிருந்தாலும் இதே சோதனை வேணும். தண்ணி பிரீதர்ங்கற காத்துத் துளை வழியா உள்ள போகும். பின் டிஃபரன்ஷியலையும் (பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கிற பெட்டி) விட்டுடாதீங்க. அதுக்கு ஹோண்டா டூயல் பம்ப் ஃப்ளூயிட்தான், ஒரு லிட்டர் சொச்சம். ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்பும்போது பின்னால முனகினா அதுதான், கியர்பாக்ஸ் இல்லை.

தண்டையார்பேட்டை_டிரைவ்:
பார்த்துட்டேன். மவுன்ட் ஒண்ணு கிழிஞ்சிருக்கு. பிரேக்கைத் தொட்டதும் நடுக்கம் நின்னுடுது. லெவல் கீழ்க்கோட்டுக்கும் கொஞ்சம் கீழே, நிறம் டீ டிகாஷன், கருகின வாசனை இல்லை. ரோஸ்மில்க்கும் இல்லை. 3வது கிளட்ச் பிரஷர் சுவிட்ச் கனெக்டரைக் கழட்டினா ஒத்தை பின்னுல பச்சை பூத்திருக்கு.

சொலினாய்டு_செந்தூரம்:
அந்தப் பச்சை கடல் காத்து பண்ற வேலை. காசிமேடு, ராயபுரம் பக்கம் வெளில நிக்கிற வண்டில பேட்டரி எர்த் கேபிளும் கியர்பாக்ஸ் எர்த்தும் இப்படித்தான் பூக்கும். எல்லாத்தையும் கழட்டித் தேய்ச்சு இறுக்குங்க. D லைட் மினுக்கினா வண்டி கம்ப்யூட்டர்ல பழுது கோட் பதிவாகியிருக்கும், பேட்டரியைக் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல எடுத்து எழுதி வையுங்க. இன்ஜினை மட்டும் படிக்கிற மலிவு அடாப்டர் போதாது, டிரான்ஸ்மிஷன் டேட்டா காட்டணும். பி0730 வந்தா கியர் விகிதம் பொருந்தலை, அதாவது எங்கேயோ நழுவுது. பி0741 வந்தா லாக்-அப் பிடிக்கலை.

பிரஷர் சுவிட்ச் சாதாரணமா திறந்திருக்கும், பிரஷர் வந்ததும் எர்த்தோட சேரும். 3வது கிளட்ச் நிறைஞ்சுதா இல்லையான்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றது அதுதான். அந்த எர்த் மரை வழியாப் போறதால டெஃப்லான் டேப் சுத்தவே கூடாது, புது வாஷர் மட்டும் போட்டு 20 நியூட்டன் மீட்டர்ல இறுக்குங்க. 2வது கிளட்ச்சுக்கும் ஒண்ணு இருக்கு, ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க. புதுப்பேட்டைல பழசு கிடைக்கும், இதை மட்டும் பழசு வாங்காதீங்க. சொலினாய்டை மல்டிமீட்டர்ல அளங்க: ஷிஃப்ட் சொலினாய்டு 12–25 ஓம், பிரஷர் கன்ட்ரோல் சொலினாய்டு 3–10 ஓம். அளவு சரியா இருந்தும் உள்ள வால்வு சிக்கியிருக்கலாம், அதனால 12 வோல்ட் கொடுத்து ஷிஃப்ட் சொலினாய்டு டிக்குன்னு சத்தம் போடுதான்னும் கேளுங்க.

ஆயில் ஹோண்டா டிடபிள்யூ-1 மட்டும். பழைய இசட்-1க்குப் பதிலா வந்தது அதுதான். பெட்டிக்குள்ள மொத்தம் சுமார் 7 லிட்டர், டிரெயின் பண்ணா வர்றது 2.5 லிட்டர். ஒரு தடவை மாத்தினா மூணுல ரெண்டு பங்கு பழசுதான் உள்ள இருக்கும், மூணு தடவை மாத்தினாதான் பழசு கால்வாசிக்கு இறங்கும். 8 லிட்டர் வாங்குங்க. ஒவ்வொரு தடவைக்கும் நடுவுல 100, 200 கி.மீ. எல்லா கியரும் விழற மாதிரி ஓட்டுங்க. மெஷின் வெச்சு ஃப்ளஷ் பண்ண விடாதீங்க. பான் கழட்டி ஃபில்டர் மாத்தறேன்னு யாராவது சொன்னா இந்தப் பெட்டி அவங்களுக்குத் தெரியாதுன்னு அர்த்தம், உள் ஸ்ட்ரெய்னருக்கு கேஸையே பிளக்கணும். டிரெயின் போல்ட்டுக்கு 18 மி.மீ. புது வாஷர், 49 நியூட்டன் மீட்டர். அலுமினியக் கேஸ், கூட இறுக்கினா மரை போயிடும்.

போல்ட் காந்தத்தை விரலால துடைச்சுப் பாருங்க. கண்மை மாதிரி சாம்பல் பசை இருந்தா இயல்பான தேய்மானம். விரல்ல குத்தற உலோகத் துகள் இருந்தா உள்ள கியரோ பேரிங்கோ உடையுது.

மேக்னட்_போல்ட்:
லெவல் ஏன் இறங்குச்சுன்னும் தேடுங்க சார். கியர்பாக்ஸ் எண்ணெய் எரியாது, கசிஞ்சாதான் குறையும். கூலர் ஹோஸ் கிளாம்ப், ரெண்டு ஆக்சில் சீல், டிரான்ஸ்ஃபர் கேஸ் (பின் சக்கரத்துக்குச் சக்தி அனுப்புற பெட்டி) சேர்ற இடம், இந்த இடங்களைத் துடைச்சு, ஒரு நாள் அடியில அட்டை போட்டு நிறுத்துங்க.

சுவிட்ச், மவுன்ட், மூணு தடவை ஆயில் எல்லாம் முடிச்சும் சூட்டுல 3க்கு எகிறினா, 3வது கிளட்ச் பிரஷர் போர்ட்ல கேஜ் மாட்டிச் சூடா இருக்கும்போது அளக்கச் சொல்லுங்க. மத்த கிளட்ச்சை விட அது மட்டும் குறைவா காட்டினா சீல் போயிடுச்சு, அப்போ தாராளமா இறக்கலாம். அதுவரைக்கும் எகிறும்போது ஆக்சிலரேட்டரை மிதிச்சுக்கிட்டே இருக்காதீங்க, விட்டுப் பிடிங்க. ஒவ்வொரு நழுவலுக்கும் அந்தக் கிளட்ச் தேயுது.