பிராங்க்பர்ட்டில் முட்டையும் இறைச்சியும் இல்லாத உள்ளூர் உணவு குறைந்த செலவில் கிடைக்குமா?

கேள்வி

வணக்கம். புத்தகக் கண்காட்சி தொடர்பான வேலையாக வந்திருக்கும் நான், இம்மாத இறுதிவரை பிராங்க்பர்ட்டில் தங்கியிருக்கிறேன். அப்பாவும் உடன் வந்திருக்கிறார். அவர் சுத்த சைவம். பால், தயிர் உண்டு, முட்டை கிடையாது. நான் கோழியும் பன்றியும் சாப்பிடுவேன், மாட்டிறைச்சி மட்டும் தொடுவதில்லை. கண்காட்சி வளாகத்துக்குள் விலை கட்டுப்படியாகவில்லை. நேற்று ஓர் உணவகத்தில் அப்பாவுக்காக வறுத்த உருளைக்கிழங்கு கேட்டோம். இறைச்சி சேராதது என்று பணியாளர் உறுதியாகச் சொன்ன பிறகும், தட்டில் பொடிப்பொடியாக நறுக்கிய பன்றிக் கொழுப்புத் துண்டுகள் கிடந்தன. அன்றிலிருந்து அவர் ரொட்டியும் வாழைப்பழமுமாகவே காலம் தள்ளுகிறார். தோசை கிடைக்கும் கடைகள் ரயில் நிலையப் பக்கம் இருப்பது தெரியும். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டு இந்த ஊர்ச் சாப்பாட்டைச் சுவைக்காமல் திரும்புவதில் அவருக்கே விருப்பமில்லை. ஒரு வேளைக்கு ஒருவருக்கு 15 யூரோவைத் தாண்டாமல் வழி இருக்கிறதா? தங்கியிருக்கும் அறையில் சிறிய சமையலறை உண்டு.

பதில்: மைன்கரைவாசி

வணக்கம். உங்கள் சிக்கலில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் பாதி தீர்ந்துவிடும். முட்டையைப் பொறுத்தவரை சட்டமே உங்களுக்குத் துணை. ஒவ்வாமை தரக்கூடியவை என்று ஐரோப்பிய ஒன்றியம் வகுத்துள்ள 14 பொருள்களில் முட்டையும் ஒன்று என்பதால், அது சேர்ந்திருக்கிறதா என்ற விவரத்தை உணவகம் தந்தாக வேண்டும். உணவுப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் தெரியும் சிறிய எழுத்துகளும் எண்களும் அதற்குத்தான்; கடைக்குக் கடை குறியீடு மாறும், விளக்கம் பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் இருக்கும். 'ஷ்பெக்' எனப்படும் பன்றிக் கொழுப்பும் இறைச்சிச் சாறும் அந்தப் பட்டியலில் வராதவை. அவற்றை வாய்விட்டுக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 'இறைச்சி உண்டா' என்று பொதுவாகக் கேட்டால் ஷ்பெக்கை இறைச்சிக் கணக்கில் சேர்க்காமல் 'இல்லை' என்று சொல்லிவிடுவார்கள். உங்களுக்கு நேர்ந்ததும் அதுவாகவே இருக்கும். ஆகவே 'ஓனே ஷ்பெக், ஓனே ப்ரூஹே' (கொழுப்பும் வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம்) என்று பெயர் சொல்லியே கேளுங்கள். வறுத்த உருளைக்கிழங்கு, சவர்க்ராவ்ட் (புளிக்கவைத்த முட்டைக்கோஸ்), பருப்பு சூப், உருளைக்கிழங்கு சூப் ஆகிய நான்கிலும் இதைக் கேட்காமல் கை வைக்க வேண்டாம். இது இலையுதிர் காலம். வெங்காயக் கேக் என்ற ஒன்றை எங்கும் விற்பார்கள். அதில் முட்டை நிச்சயம் இருக்கும், ஷ்பெக்கும் பெரும்பாலும் இருக்கும்.

இனி உள்ளூர் உணவு. இந்த ஊரின் பெருமைக்குரிய பண்டமே இறைச்சி இல்லாதது என்பதை அப்பாவிடம் முதலில் சொல்லுங்கள். 'குரூனே சோசே' என்பது ஏழு பச்சிலைகளைப் பொடியாக அரிந்து, புளித்த பாலேட்டிலும் தயிரிலும் கலந்து, வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் குளிர்ச்சியாகவே ஊற்றித் தருவது. பார்ஸ்லி, சைவ்ஸ், செர்வில், கிரெஸ், புளிப்பான சாரல், போராஜ், பர்னெட் ஆகிய ஏழும் இருந்தால்தான் அது பிராங்க்பர்ட்டுடையது. 2016 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் காப்புப் பெற்றிருக்கிறது. எந்த ஓர் இலையும் மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதும் விதி. சதகுப்பைக் கீரையைப் (டில்) போட்டால் இவ்வூர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். இதைக் கண்டுபிடித்தவர் கவிஞர் கோதேயின் தாயார் என்று சுற்றுலா வழிகாட்டிகள் சொல்லும் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

இங்கும் முட்டை குறுக்கே வரும். உணவகங்களில் அவித்த முட்டைப் பாதிகளை உடன் வைப்பார்கள். அவற்றை எடுத்துவிடச் சொல்லலாம். ஆனால் பல இடங்களில் சாஸுக்குள்ளேயே அவித்த முட்டையை நசுக்கிக் கலந்திருப்பார்கள், சிலர் மயோனைசும் சேர்ப்பார்கள். எனவே அப்பாவுக்கு அறையிலேயே செய்து கொடுப்பதுதான் என் முதல் பரிந்துரை. பேராலயத்துக்கும் ட்சைல் கடைத்தெருவுக்கும் இடையில், ஹாசன்காஸே தெருவில் உள்ள கிளைன்மார்க்ட்ஹாலே சந்தைக்குச் செல்லுங்கள். காய்கறிக் கடைகளில் ஏழு இலைகளையும் ஒன்றாகச் சேர்த்து வெள்ளைத் தாளில் சுருட்டி வைத்திருப்பார்கள். பிரித்தால் ஈரத்தோடு, சாரல் இலையின் புளிப்பு வாசம் முதலில் எழும். கழுவி, நீரை நன்றாக உதறி, கத்தியால் மட்டும் அரியுங்கள். மிக்சியில் அடித்தால் கசப்பு ஏறும். தயிரும் புளித்த பாலேடும் சம அளவு, உப்பு, சிறிது கடுகு விழுது, ஒரு சிட்டிகை சர்க்கரை, எலுமிச்சைச் சாறு. ஒரு மணி நேரம் குளிரூட்டியில் வைத்தபின் எடுத்தால், நம் தயிர்ப் பச்சடியின் தூரத்து உறவு போலத்தான் இருக்கும். இருவருக்கு இரண்டு வேளைக்குக் காணும், செலவும் உணவகத்தில் ஒரு தட்டுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. 'ரிண்ட்ஸ்வுர்ஸ்ட்' என்ற உள்ளூர்ச் சாசேஜ் முழுக்க மாட்டிறைச்சி. 1894 முதல் இவ்வூரில் செய்யப்படுகிறது, சந்தையிலும் சாலையோரத்திலும் சூடாக விற்பதால் கைதவறி வாங்கிவிடுவது எளிது. 'பிராங்க்பர்ட்டர் வுர்ஸ்ட்ஷன்' என்பதுதான் பன்றி. அதேபோல் பச்சிலைச் சாஸுடன் 'டாஃபல்ஷ்பிட்ஸ்' என்று எழுதியிருந்தால் அது மாடு. 'ஷ்னிட்சல்' என்றால் பொதுவாகப் பன்றி, கன்றுக்குட்டி இறைச்சியாக இருந்தால் 'கால்ப்' என்றோ 'வீனர் ஷ்னிட்சல்' என்றோ குறிப்பிடுவார்கள்.

பதில்: மாணவர்

மதிய உணவுக்குப் பல்கலைக்கழக உணவுக்கூடமான மென்சாவை மறந்துவிட வேண்டாம். வெளியாட்களும் செல்லலாம், மாணவர், ஊழியர், விருந்தினர் என்று மூன்று விலை இருக்கும், விருந்தினர் விலையே வெளியில் உள்ளதைவிட மலிவு. வார நாள்களில் மட்டும் நடக்கும். 'வீகான்' என்று குறித்த உணவில் முட்டை இருக்காது என்பதால் அப்பாவுக்குக் கேள்வி கேட்கும் வேலையே இல்லை. 'வெகெட்டாரிஷ்' என்றிருந்தால் முட்டை இருக்கலாம். வங்கி அட்டை கையில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. இன்று சந்தையில் இலைக்கட்டு வாங்கிச் செய்து பார்த்தோம். அப்பா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது ஆப்பிள் ஒயின் விடுதி ஒன்றில் ஒரு மாலையாவது உட்கார வேண்டும் என்கிறார். அவர் மது அருந்த மாட்டார். அங்கே அவர் சாப்பிட ஏதேனும் இருக்குமா? ஞாயிற்றுக்கிழமை போகலாமா?

பதில்: மைன்கரைவாசி

தாராளமாகப் போகலாம். மைன் ஆற்றுக்குத் தெற்கே சாக்சன்ஹவுசனில் இறங்கும்போது, குடியும் கூச்சலுமாக இருக்கும் பழைய சந்துகளைத் தவிர்த்து, ஷ்வைட்சர் தெரு, டெக்ஸ்டர் தெருப் பக்கம் நடங்கள். வடக்கே போர்ன்ஹைமில் பெர்கர் தெருவும் நல்லது. நீண்ட பலகைகளில் முன்பின் அறியாதவர்களோடு சேர்ந்து உட்காருவதுதான் அங்கே வழக்கம். இடம் கேட்டுவிட்டு அமர்ந்தால் போதும். ரொக்கமும் கொண்டு செல்லுங்கள், சில விடுதிகளில் அட்டை செல்லாது.

அப்பாவுக்கு ஏற்றது 'ஹாண்ட்கேஸ்'. உள்ளங்கையளவுள்ள வட்டமான பாலாடைக்கட்டி; மஞ்சளாக, ஓரம் கண்ணாடி போல் மின்னும்; வினிகர், எண்ணெய், நறுக்கிய பச்சை வெங்காயம் ஆகியவற்றில் ஊறவைத்து, சீரகம் போன்ற கேரவே விதையோடு ரொட்டி சேர்த்துத் தருவார்கள். புளித்த பாலில் செய்வது, முட்டை கிடையாது, பட்டியலிலேயே மலிவான பண்டங்களில் ஒன்று. வாசனை கடுமையானது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்; முதலில் ஒன்றை வாங்கி இருவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். உங்களுக்கு, உப்பில் ஊறிய பன்றி விலாவைச் சவர்க்ராவ்ட்டுடன் தரும் 'ரிப்ஷன்' போதுமானது, 15 யூரோவை ஒட்டி வரும்.

குடிப்பதற்கு, இந்தப் பருவத்தில் மட்டும் கிடைக்கும் 'சூசர்' அப்பாவுக்குப் பொருத்தம்: அப்போது பிழிந்த ஆப்பிள் சாறு, புளிக்காதது. அதே சாறு சில நாளில் நுரைத்துப் புளிக்கத் தொடங்கியதும் 'ரவ்ஷர்' ஆகிவிடும், அதில் மது உண்டு. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே கலங்கலாக இருக்கும் என்பதால் கேட்டு வாங்குங்கள். சந்தேகமாக இருந்தால் சோடா கலந்த ஆப்பிள் சாறான 'ஆப்பிள்ஷோர்லே' எப்போதும் உண்டு. தண்ணீர் கேட்டால் புட்டித் தண்ணீரைத்தான் காசுக்குத் தருவார்கள்.

ஞாயிறன்று விடுதிகள் பல திறந்திருக்கும். சந்தையும் பல்பொருள் அங்காடிகளும் மூடியிருக்கும், தலைமை ரயில் நிலையத்துக்குள் உள்ள சில கடைகளைத் தவிர. ஆகவே தயிர், உருளைக்கிழங்கு, இலைக்கட்டு மூன்றையும் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். கிளைன்மார்க்ட்ஹாலே அன்று மாலை 4 மணிக்கே மூடிவிடும்.